நடுப் பெட்டியும் நான்கு ஜோடிக் கம்பியும்

சிறிய அலுவலகத்தில் நெட்வொர்க் நின்றுபோனால் முதல் பழி, சுவரோரம் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியின் மேல்தான் விழுகிறது. "ஹப் போயிடுச்சு, வேற வாங்கணும்" என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். புதுப் பெட்டி வரும், சில நாள் ஓடும், பிறகு மறுபடியும் பில் போடும் கணினிக்குப் பிரிண்டர் தெரியாது. விசிறி இல்லாத அந்தப் பெட்டிக்குள் சுழல்வதோ தேய்வதோ எதுவும் கிடையாது. நல்ல மின்சாரம் கிடைத்தால் அது வருடக்கணக்கில் உழைக்கும். பழுது பெரும்பாலும் அதற்கு வெளியேதான் இருக்கிறது: கம்பியில், கம்பியின் முனையில், அடாப்டரில், முகவரி கொடுக்கும் ஏற்பாட்டில்.

ஐந்து முதல் இருபது கருவிகள் வரை இருக்கும் இடங்களை இங்கே எடுத்துக்கொள்வோம். ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், மருந்துக் கடை, பள்ளியின் கணினி அறை போன்றவை. இங்கெல்லாம் கம்பி நெட்வொர்க்கை எப்படி அமைப்பது, கெட்டால் எங்கே தேடுவது என்பதே கேள்வி. இதற்கு விடை காண, நடுவில் ஒரு பெட்டியை வைத்து எல்லாக் கம்பிகளையும் அதில் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது வேகத்துக்காக வந்த வழக்கம் அல்ல. பழுதைப் பிடிப்பதற்காக வந்தது.

ஒற்றைக் கம்பியின் காலம்

ஈத்தர்நெட் என்ற யோசனை, 1973 மே 22 அன்று கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் பதிவானது. அவரும் டேவிட் பாக்ஸும் கட்டிய முதல் நெட்வொர்க்கின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1980ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் விதிகளை வெளியிட்டன. 1983ல் அதுவே, சிறு மாற்றங்களோடு, ஐஇஇஇ அமைப்பின் 802.3 தரம் ஆனது.

அன்றைக்கு நடுப் பெட்டி இல்லை. விரல் பருமனுள்ள ஒரே கோஆக்சியல் கேபிள் 500 மீட்டர் வரை கட்டிடத்துக்குள் ஓடும். கணினி தேவைப்படும் இடத்தில் அதைத் துளைத்து ஊசி இறக்கி இணைப்பார்கள். அடுத்து வந்த மெல்லிய கேபிள் 185 மீட்டர் போகும், 30 இணைப்புகளைத் தாங்கும். ஒவ்வொரு கணினியின் பின்புறத்திலும் டி வடிவ இணைப்பான் ஒன்று, கேபிளின் இரு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்று. செலவு குறைவு, வேலையும் எளிது. ஆனால் யாராவது பெருக்குவதற்காக மேசையை நகர்த்தி ஒரு டி கழன்றுவிட்டால் அந்தக் கேபிளில் இருக்கும் அத்தனை கணினிகளும் ஒன்றாக நின்றுபோகும். எது கழன்றது என்று சொல்ல விளக்கு எதுவும் கிடையாது. மேசை மேசையாகக் குனிந்து பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

இதற்கு மாற்று தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. அமெரிக்க அலுவலகங்களில் ஒவ்வொரு மேசையிலிருந்தும் முறுக்கிய ஜோடிக் கம்பி ஒரு சிறிய அறைக்குப் போய்ச் சேரும். ஒரு தொலைபேசி கெட்டால் மற்றவை பாதிக்கப்படுவதில்லை. கணினிக்கும் அப்படியே செய்தால் என்ன? ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஸ்டார்லேன் 1 மெகாபிட் வேகத்தில் அதைச் செய்து காட்டியது. பார்க் ஆய்வகத்திலிருந்து வெளியேறிய ரொனால்ட் ஷ்மிட்டும் ஆண்ட்ரூ லட்விக்கும் 1985ல் தொடங்கிய சினாப்டிக்ஸ் அதே வகைக் கம்பியில் 10 மெகாபிட்டை ஓட்டியது. ஐபிஎம்மின் டோக்கன் ரிங் வேறு கொள்கைப்படி இயங்கினாலும், அதிலும் கம்பிகள் நடுவில் ஒரு பெட்டியில்தான் கூடின. 1990ல் 10பேஸ்-டி தரம் வந்து வழக்கை முடித்தது. கணினிக்கு ஒரு கம்பி, அதிகபட்சம் 100 மீட்டர், நடுவில் ஹப்.

அந்தத் தரத்தில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அதிகம் பேசப்படாதவை, ஆனால் நம் கேள்விக்கு மிக முக்கியமானவை. கம்பி சும்மா இருக்கும்போதும் இரு முனைகளும் ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சிறு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்து சேர்ந்தால் போர்ட்டின் லிங்க் விளக்கு எரியும். இரண்டாவது, ஒரு போர்ட்டில் 30 முறைக்கு மேல் தொடர்ந்து மோதல் (இருவர் ஒரே நேரத்தில் பேசுவது) நடந்தால் ஹப் அந்தப் போர்ட்டை மட்டும் ஒதுக்கி வைத்துவிடும், மற்றவை ஓடும். வேகம் கோஆக்சியலில் இருந்த அதே 10 மெகாபிட்தான். கூடுதலாகக் கிடைத்தது, எங்கே கெட்டது என்று கண்ணால் பார்க்கும் வசதி. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் இன்று நம் ஊர்களில் நடக்கும் வயரிங் தவறுகள் பலவும் அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்வதால் வருபவை என்பது புரியும்.

ஹப்பிலிருந்து ஸ்விட்சுக்கு

ஹப்பின் குறை தெரிந்ததே. ஒரு போர்ட்டில் வந்ததை அது மற்ற எல்லாப் போர்ட்டிலும் திருப்பிச் சொல்லும், ஊர்ப் பொது ஒலிபெருக்கியைப் போல. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் மோதல், பிறகு இருவரும் சற்றுக் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். அனுப்பியவர் மோதலை உணர்வதற்குள் செய்தி முடிந்துவிடக் கூடாது என்பதால்தான் ஈத்தர்நெட்டில் ஒருமுறை அனுப்பும் தரவுத் துண்டான சட்டகம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதியும், இரு கணினிகளுக்கு இடையே நான்கு ஹப்புகளுக்கு மேல் கூடாது என்ற விதியும் வந்தன. 100 மெகாபிட் ஹப்பில் இது இன்னும் இறுகியது. இரண்டாம் வகுப்பு ஹப் என்றால் இரண்டு, முதல் வகுப்பு என்றால் ஒன்றே ஒன்று.

1990ல் கல்பனா என்ற நிறுவனம் ஏழு போர்ட் ஈத்தர்ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து போன வினோத் பரத்வாஜ். 1994ல் சிஸ்கோ அதை வாங்கியது. ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் எந்தக் கருவியின் மேக் முகவரி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும், யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொடுக்கும். பேசாத முகவரியைப் பொதுவாக ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், மோதல் என்பதே கிடையாது. விலை இறங்க இறங்க ஹப் மறைந்தது. இன்று கடையில் நெட்வொர்க் ஹப் என்று கேட்டாலும் கையில் கொடுப்பது ஸ்விட்ச்தான். இந்தக் கட்டுரையில் இனி பெட்டி என்றால் அதுவே.

பழைய ஹப் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்கும்வரை ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பலவற்றில் 'அப்லிங்க்' என்ற போர்ட்டும் அதன் பக்கத்துப் போர்ட்டும் உள்ளே ஒன்றே. இரண்டிலும் கேபிள் செருகினால் இரண்டும் வேலை செய்யாது. ஹப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவற்றில் இந்தக் காரணமும் உண்டு.

அமைப்பது

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி. கிகாபிட் ஸ்விட்ச், இன்றைய தேவையைவிட மூன்று நான்கு போர்ட் கூடுதலாக. கேமராவுக்கும் இதே கம்பியில் மின்சாரம் வேண்டுமென்றால் பிஓஇ ஸ்விட்ச். அமைப்புத் திரை உள்ள மேனேஜ்டு வகை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எட்டுப் பத்துக் கணினிக்குத் தேவையில்லை. கேமரா, ஐபி போன், வருகைப் பதிவுக் கருவி எல்லாம் சேர்ந்து பதினாறைத் தாண்டினால் வாங்கலாம் என்பேன். அதில் எந்தப் போர்ட்டில் எத்தனை பிழைச் சட்டகம் வந்தது என்ற கணக்கு இருக்கும். அந்த ஓர் எண் பாதி நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கம்பியில்தான் கவனம் முழுவதும் வேண்டும். கேட் 5இ, கேட் 6 இரண்டுமே 100 மீட்டருக்குக் கிகாபிட்டைத் தாங்கும். எதிர்காலத்துக்கு என்றால் கேட் 6 போடலாம். உண்மையான வேறுபாடு அந்த எண்ணில் இல்லை, உள்ளே இருக்கும் உலோகத்தில் இருக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள் சுருள்கள் பலவற்றில் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, வளைத்தால் எளிதில் ஒடியும், முனையில் நாளாக நாளாக ஆக்சைடு படியும். தரப்படி அது கேட் 5இயும் அல்ல, கேட் 6உம் அல்ல, மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. வாங்குமுன் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 305 மீட்டர் கேபிள் சுருள் கையில் லேசாக இருந்தாலே சந்தேகப்படலாம்.

அடுத்தது கம்பி முடியும் இடம். நம் ஊர் வழக்கம், சுவரிலிருந்து வரும் கேபிளின் நுனியிலேயே பின் (செருகுமுனை) கிரிம்ப் செய்து நேரடியாகக் கணினியில் செருகுவது. சுவர்க் கேபிளின் ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழை. அது சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. மேசையில் தினமும் இழுபட்டால் பின்னுக்குள் ஒடிந்துவிடும். சரியான முறை, சுவரில் ஐஓ பாக்ஸ் வைத்து அதில் கேபிளை முடித்து, அங்கிருந்து கணினிக்கு பல இழைகள் கொண்ட கம்பியால் ஆன பேட்ச் கார்டு போடுவது. 90 மீட்டர் சுவருக்குள், 10 மீட்டர் பேட்ச் கார்டு என்று 100 மீட்டர் விதி பிரிந்திருப்பதற்குக் காரணமும் இதுவே. கார்டு கெட்டால் ஒரு நிமிடத்தில் மாற்றலாம், சுவர்க் கேபிள் கெட்டால் கேசிங்கைக் கழற்ற வேண்டும். சிறிய நெட்வொர்க்குகளின் அகால மரணத்துக்கு, என் கணிப்பில், இந்த ஐஓ பாக்ஸ் இல்லாமையே முதல் காரணம்.

கிரிம்ப் செய்தே ஆக வேண்டும் என்றால் டி568பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கேபிளின் மேலுறை பின்னுக்குள் நுழைந்து, பின்னின் கட்டை அதைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். இரு முனையும் ஒரே வரிசை. ஒரு முனையை மாற்றிப் போடும் கிராஸ் கேபிள், போர்ட்டுகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும் இந்தக் காலத்தில் தேவையில்லை.

மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் விடாதீர்கள். 230 வோல்ட் வயர் என்றாவது உரிந்தால் உயிருக்கு ஆபத்து, அது முதல் காரணம். இரைச்சல் இரண்டாவது. தனிக் குழாய், ஒரு சாண் இடைவெளி, குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகத் தாண்டுவது, இவ்வளவே போதும்.

பெட்டி ஒன்றாக இருக்கட்டும், எல்லாரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மேசைக்கு மேசை ஐந்து போர்ட் பெட்டி வைத்து ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவது இங்கே சாதாரணமாகிவிட்டது. ஸ்விட்சுக்குப் பழைய நான்கு ஹப் விதி பொருந்தாது, அதனால் அது ஓடவும் செய்யும். ஆனால் நடுவில் ஒன்று நின்றால் அதற்கு அப்பால் எல்லாம் நிற்கும், எந்த மேசைக்கடியில் என்று தேட வேண்டியிருக்கும். 1990களில் விட்டொழித்த மெல்லிய கோஆக்சியலின் துன்பத்தை நாமே திரும்ப வரவழைத்துக்கொள்கிறோம்.

முகவரி விஷயத்தில் ஒரே ஒரு விதி. முகவரி கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை டிஎச்சிபி மூலம் கொடுக்கட்டும். பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், கணக்குத் தரவு இருக்கும் கணினி ஆகியவற்றுக்கு 10 முதல் 50க்குள் நிலையான முகவரியை வையுங்கள். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள்.

கெட்டால் எங்கே தேடுவது

பழுது தேடுவதை மின்சாரம், விளக்கு, கம்பி, முகவரி, கடைசியாக மென்பொருள் என்று கீழிருந்து மேலாகக் கொண்டுபோக வேண்டும். அனுபவமுள்ளவர்களும் அவசரத்தில் மேலிருந்து தொடங்கி விண்டோஸ் அமைப்புகளைக் கலைத்துவிடுவது உண்டு. பிறகு இரண்டு பழுதாகிவிடும்.

மின்சாரத்தில் முதல் குற்றவாளி அடாப்டர். உள்ளே இருக்கும் மின்தேக்கி காய்ந்துபோனால் வோல்டேஜ் தளரும். இரண்டு கேபிள் இருக்கும்வரை பெட்டி ஓடும், எட்டும் செருகினால் தானாக அணைந்து எழும். எல்லா விளக்கும் ஒன்றுசேர அணைந்து எரிந்தால் பெட்டியைச் சந்தேகிக்குமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்டேஜ் அதேயாகவும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாகவும் இருக்க வேண்டும். 5, 9, 12 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றுக்கும் ஒரே அளவு முனை என்பதால் ரவுட்டரின் 12 வோல்ட்டை 5 வோல்ட் ஸ்விட்சில் செருகிக் கொன்ற கதைகள் நிறைய. அடாப்டரின் மேலேயே எந்தப் பெட்டிக்கு என்று எழுதி வைத்தால் தீர்ந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் நொடியில் பெட்டி அணைந்தால், நடுவில் எழுதிக்கொண்டிருந்த கணக்குக் கோப்பு சிதையலாம். டாலி போன்ற மென்பொருளின் தரவைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்திருப்பவர்கள் கணினிக்கு மட்டுமல்லாமல் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கொடுக்க வேண்டும்.

லிங்க் விளக்கு எரியவே இல்லையா? கேபிளை வேறு போர்ட்டில் செருகுங்கள். எரிந்தால் பழைய போர்ட் போய்விட்டது. எரியாவிட்டால் நன்றாக ஓடும் ஒரு பேட்ச் கார்டைக் கொண்டுவந்து மாற்றுங்கள். அப்போதும் எரியாவிட்டால் கணினியைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் அருகிலேயே செருகிப் பாருங்கள். மூன்றே மாற்றத்தில் குற்றம் போர்ட்டிலா கம்பியிலா கணினியிலா என்று பிரிந்துவிடும். எல்லாக் கம்பியும் நடுப் பெட்டியில் கூடும் நட்சத்திர அமைப்பு தரும் வரம் இது.

விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் இல்லை. இதுதான் ஆளைக் குழப்பும் பழுது. விண்டோஸில் இணைப்பின் நிலையைப் பாருங்கள். கிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று இருந்தால், அனேகமாக நான்கு ஜோடிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ பின்னில் ஒட்டாமல் போனால் இரு முனையும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடும். பல அலுவலகங்களில் வருடக்கணக்கில் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளால் இரு கணினிக்கு இடையே அளந்தால், நல்ல கிகாபிட் கம்பியில் 940 மெகாபிட் அளவில் வரும். 94 என்று வந்தால் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. அதற்கும் கீழே தாவித் தாவி வந்தால் கம்பியில் நோய் இருக்கிறது.

அந்த நோய்களில் கொடியது ஜோடி பிரிந்துபோவது. சிலர் நிறங்களை ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கிக் கிரிம்ப் செய்துவிடுகிறார்கள். இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் எட்டு விளக்கு டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை அழகாக எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் கம்பி ஒரே முறுக்கில் இருக்க வேண்டும் என்பதே வண்ண வரிசையின் பொருள். இரண்டும் வெவ்வேறு ஜோடியில் போனால், வெளி இரைச்சலை ரத்து செய்யும் முறுக்கின் வேலை நடக்காது. பக்கத்து ஜோடியின் ஒலி இதில் கேட்கும். பழைய 10 மெகாபிட்டில், குறுகிய தூரத்தில் இது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வேகமான ஸ்விட்ச் வாங்கி வைத்த அன்றே பிழைகள் குவியும், பழி புது ஸ்விட்சின் மேல் விழும். டெஸ்டரை நம்பாமல் பின்னைக் கண்ணருகே பிடித்து நிறத்தைப் பாருங்கள். நடுவில் 4, 5 நீல ஜோடியாகவும் அதன் இருபுறமும் பச்சை ஜோடியாகவும் இருந்தால் சரி.

டூப்ளெக்ஸ் முரண் இப்போது அரிது, ஆனால் பழைய இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி, பழைய பிரிண்டர் உள்ள பட்டறைகளில் இன்னும் உண்டு. ஒரு முனையில் யாரோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயமாக வைத்திருப்பார்கள், மறுமுனை தானாகப் பேசி முடிவு செய்யும் நிலையில் இருக்கும். பேச ஆள் இல்லாததால் அது வேகத்தை மட்டும் கண்டுகொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸில் இறங்கிவிடும். பிங் செய்தால் பதில் வரும், பெரிய கோப்பை அனுப்பினால் ஊரும். இரு முனையையும் ஆட்டோவில் விடுவதே மருந்து.

அலுமினியக் கம்பியின் குணம் கேமராவில் இரவில் தெரியும். பகலெல்லாம் ஓடும் பிஓஇ கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எழும். இருட்டில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரிய மின்னோட்டம் கூடுகிறது, தடை அதிகமான கம்பியில் வோல்டேஜ் விழுகிறது. 2003ல் வந்த முதல் பிஓஇ தரப்படி போர்ட் 15.4 வாட் தரும், கருவியை அடையும்போது 37 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கேமராவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, கம்பியை மாற்ற வேண்டும்.

இனி, எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்கும் பழுது. பெட்டியின் எல்லா விளக்கும் வெறிபிடித்தது போல ஒரே தாளத்தில் துடித்தால் லூப் விழுந்திருக்கிறது. யாரோ அவிழ்ந்து கிடந்த கேபிள் நுனியை எடுத்து அதே பெட்டியில் செருகியிருப்பார்கள், அல்லது இரண்டு போர்ட் உள்ள ஐபி போனின் இரண்டையும் சுவரில் கொடுத்திருப்பார்கள். எல்லாருக்குமான அறிவிப்புச் சட்டகம் ஒன்று அந்த வளையத்தில் சுற்றத் தொடங்கினால் நிற்காது, ஏனென்றால் ஈத்தர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் எண் கிடையாது. கிகாபிட்டில் சிறிய சட்டகங்கள் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் வரை ஓடக்கூடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை டிஜிட்டல் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் 1985லேயே வகுத்துக் கொடுத்தார். ஆனால் மலிவான பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. தேடும் முறை எளிது. 16 கேபிளில் 8ஐப் பிடுங்குங்கள். துடிப்பு அடங்கினால் குற்றம் பிடுங்கிய எட்டில், அடங்காவிட்டால் மிச்சத்தில். பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. நாலே படியில் முடியும்.

லூப் இல்லாமலே பாதிப் பேருக்கு மட்டும் இணையம் போய்விட்டால், முகவரி கொடுக்க இரண்டாவது ஆள் வந்துவிட்டார் என்று பொருள். வைஃபை எட்டவில்லை என்று யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பார்கள். அதுவும் டிஎச்சிபி முகவரிகளை விநியோகிக்கும். யார் முந்துகிறாரோ அவர் பேச்சைக் கணினி கேட்கும். அந்த ரவுட்டரைப் பயன்படுத்தலாம், தவறில்லை. டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை வேறாக மாற்றிவிட்டுப் பிறகு செருக வேண்டும். இதற்கு நேர்மாறாக, யாருமே முகவரி கொடுக்காவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். அதைக் கண்டதும் ஸ்விட்சைத் திட்ட வேண்டாம். இரண்டு கணினிக்குக் கையால் முகவரி கொடுத்து ஒன்றுக்கொன்று பிங் செய்யுங்கள். போனால் பெட்டி நலம், ரவுட்டரைப் பாருங்கள்.

பிங்குக்குப் பதில் வராததையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விண்டோஸின் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவைத்திருப்பது சாதாரணம். பிங் செய்துவிட்டு ஏஆர்பி -ஏ என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எதிர்க் கணினியின் மேக் முகவரி பட்டியலில் வந்திருந்தால் கம்பியும் பெட்டியும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. 2017ல் விண்டோஸ் 10 கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பை நிறுவாமல் விட்ட பிறகு, கோப்புறைக்கு ஸ்கேன் அனுப்பும் பழைய இயந்திரங்கள் பல நின்றுபோயின. அதற்கும் ஸ்விட்ச் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மழையும் மின்னலும்

கோடை இடியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நம் நெட்வொர்க்குகளுக்குத் தனி எதிரிகள். ஈத்தர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சிறு மின்மாற்றி உண்டு, 1500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது தரம். அதனால் கட்டிடத்துக்குள் வரும் சிறு எர்த் வேறுபாடு ஒன்றும் செய்யாது. இரு கட்டிடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிளைத் தொங்கவிட்டால் கதை வேறு. பக்கத்தில் இடி விழுந்தாலே போதும், இரு முனையிலும் போர்ட்டுகள் கருகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போட்டு இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாது. ஃபைபரோடு வரும் இரும்புத் தாங்குகம்பியைப் பெட்டிவரை கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். கடலோர ஊர்களில் இன்னொன்று: பின்னின் தொடுமுனையில் தங்க முலாம் 50 மைக்ரோ அங்குலம் இருக்க வேண்டும் என்பது தரம். மலிவான பின்னில் அது பெயரளவுக்கே இருக்கும், உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும்.

வைஃபை இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நகரும் கருவிகளுக்கு வைஃபைதான். ஆனால் ஒரே அலைவரிசையில் எல்லாரும் முறை வைத்துப் பேச வேண்டிய வைஃபை, தன் இயல்பில் பழைய ஹப்பின் உறவு. நாற்காலியைவிட்டு நகராத பில் கணினி, பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் மூன்றையும் கம்பியில் வைத்தால் கைப்பேசிகளுக்கு அலைவரிசை மிச்சமாகும்.

புதிதாக வயரிங் செய்யப்போகிறவர்கள் வேலை தொடங்குமுன் ஒப்பந்ததாரரிடம் நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி முழுச் செம்பாக இருக்கும், ஒவ்வொரு முனையும் ஐஓ பாக்ஸில் முடியும், இரு முனையிலும் எண் இருக்கும், ஒவ்வோர் இணைப்பும் கிகாபிட்டில் ஓடுவதைக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம். எந்த நிறுவனத்தின் ஸ்விட்ச் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.